கோல் அடிக்காத வேலை

லீவில் ஊருக்கு வந்தால், மட்டக்களப்புப் பக்கத்துக் களுவாஞ்சிகுடிச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி வீடு போய்ச் சேருவதற்குள் யாராவது கட்டாயம் கேட்பார்கள்: "என்ன மருமகன், இந்த முற எத்தின கோல்?"

"இல்ல மாமா" என்பேன். முகத்தில் ஒரு அனுதாபம் வரும். கொழும்பில் சம்பளத்துக்குக் கால்பந்து விளையாடுகிற பொடியன் கோலும் அடிக்கவில்லை என்றால் அங்கே என்னதான் செய்கிறான் என்று அவருக்கு யோசனை. கேள்வி நியாயமானதுதான். என் வேலையை விளக்குவது எனக்கே கஷ்டம்.

நான் ஆடுவது பின்களத்துக்குச் சற்று முன்னால், மத்தியகளத்தின் அடியில். முதுகில் எந்த இலக்கம் இருந்தாலும் அந்த இடத்துக்கு ஆறாம் நம்பர் என்றுதான் பெயர். பின்னாலிருந்து வரும் பந்தை வாங்கி முன்னால் கொடுக்க வேண்டும். உயரமாக வந்த பந்து இரண்டு பேரின் தலையில் பட்டுச் சிதறும்போது அது விழப்போகும் இடத்தில் முதல் ஆளாக நிற்க வேண்டும். பின்கள வீரர் ஒருவர் மேலே ஏறினால் அவர் விட்டுப்போன ஓட்டையை அடைக்க வேண்டும். 90 நிமிடத்தில் இந்த இடத்தில் ஆடுபவர் 10, 11 கிலோமீற்றர் ஓடுவார். பந்து காலில் இருந்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் இரண்டு மூன்று நிமிடம் வந்தால் பெரிது. கரைவலை இழுப்பில் மீன் விழுந்தது ஊருக்கே தெரியும், வலையின் மடி எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்துச் சத்தம் போட்டவனை யாரும் கேட்பதில்லை. நம்முடைய நிலையும் அதுதான்.

இன்னும் சரியாகச் சொன்னால், நான் மற்றவர்களுக்கு நேரம் எடுத்துக் கொடுக்கிறேன். ஒரே தொடுகையில் பந்தைச் சரியான காலுக்கு அனுப்பினால் வலது ஓரத்தில் நிற்பவருக்கு நிமிர்ந்து பார்க்க ஒரு வினாடி கூடுதலாகக் கிடைக்கும். அந்த வினாடியில் அவர் உள்ளே பந்தைப் போடுவார், இன்னொருவர் கோல் அடிப்பார், அவருடைய மாமா ஊரில் சந்தோசப்படுவார்.

எங்கள் பக்கத்துப் பொடியனுகள் பந்து பழகுவது கடற்கரையில்தான். காய்ந்த மணலில் பந்து உருளாது. நிலத்தோடு கொடுத்தால் பாதி வழியில் நின்றுவிடும். அதனால் எல்லாருக்கும் பந்தைத் தூக்கி அடிக்க வரும், தலையால் முட்ட வரும், தொடை நன்றாக இறுகிவிடும். அலை நனைத்துவிட்டுப் போகும் ஈரமணல் ஓரத்தில் மட்டும் பந்து ஓடும். நான் சின்ன வயதில் அந்த ஓரத்தை விட்டு நகர மாட்டேன். கடலுக்குள் போன பந்தை எடுத்து வருவதும் அதனால் என் பொறுப்பாகவே இருந்தது.

கொஞ்சம் வளர்ந்ததும் மின்னொளிச் சுற்றுப்போட்டிகள். கிழக்கில் பந்து உதைத்த எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. சித்திரைப் புதுவருடத்தை ஒட்டி, கோயில் திருவிழாவை ஒட்டி, இறந்துபோன ஒரு கழக உறுப்பினரின் ஞாபகார்த்தமாக என்று ஏதாவது ஒரு கிண்ணம் இருக்கும். கம்பம் நட்டு பல்ப் கட்டுவார்கள். லவுட் ஸ்பீக்கரில் ஒருவர் இரவு முழுக்கத் தொண்டை கிழிய வர்ணனை செய்வார். நடுவில் காணாமல்போன மோட்டார் சைக்கிள் திறப்பையும் அறிவிப்பார். அணிக்கு ஏழு பேர் அல்லது ஒன்பது பேர், பாதிக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், தோற்றால் வீடு, சமநிலை என்றால் உடனே பெனால்டி. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஒரு பக்கம் அடித்த பந்து தானாகப் போகும், மறுபக்கம் அடித்தது திரும்பி வரும். காசு சுண்டி வென்ற கப்டன் காற்றைத்தான் கேட்டு வாங்குவார்.

எனக்கு அந்த இரவுகள் மேல் இருந்த ஆசை இன்னும் போகவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும்: அந்தப் போட்டிகளில் நல்ல முன்கள வீரர் உருவாவார், பெனால்டி பிடிக்கிற கோல் காப்பாளர் உருவாவார், மத்தியகள வீரர் உருவாக மாட்டார். பத்து நிமிடத்தில் பாதி முடிகிற ஆட்டத்தில் பந்தை வைத்து யோசிக்கிறவனை யாருக்கும் பிடிக்காது. பின்னால் நிற்பவர் அடிப்பார், முன்னால் நிற்பவர் ஓடுவார், பந்து என் தலைக்கு மேலால் போய் என் தலைக்கு மேலாலேயே திரும்பி வரும். தப்பித்தவறி என் காலுக்கு வந்தால், "அடிச்சி உடுடா!" என்று கரையில் நிற்கும் சனம் முழுக்கக் கத்தும்.

என்னை மத்தியகளத்தில் நிறுத்தியது பாடசாலைக்கு வந்த ஒரு உடற்கல்வி சேர். மட்டக்களப்பு டவுன்காரர், வெபர் மைதானத்தில் ஆடி வளர்ந்தவர். அமெரிக்காவிலிருந்து வந்து சென் மைக்கேல் கல்லூரியில் தன் வாழ்நாளைப் போட்ட இயேசு சபைத் துறவி வெபர் அடிகளாரின் பெயரில் இருக்கும் மைதானம் அது. அடிகளார் வளர்த்தது முக்கியமாகக் கூடைப்பந்தாட்டமும் மெய்வல்லுநரும். அதனால் டவுனில் விளையாட்டு என்றால் இன்றும் முதலில் கூடைப்பந்தாட்டம்தான் பேச்சுக்கு வரும். சேருக்கு அதில் ஒரு சின்ன மனக்குறை உண்டு. ஆனால் கூடைப்பந்தாட்டக்காரர்களைப் பார்த்துத்தான் தான் கற்றுக்கொண்டதாகவும் சொல்வார். பந்து கைக்கு வரும் முன்பே அவர்கள் தலை திரும்பிவிடுமாம்.

அவர் எனக்குக் கொடுத்த பயிற்சி ஒன்றே ஒன்றுதான், மாதக்கணக்கில். ஒருவர் முன்னாலிருந்து பந்தை உருட்டுவார். சேர் என் முதுகுக்குப் பின்னால் நிற்பார். கையில் இரண்டு பயிற்சிச் சட்டைகள், ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு. பந்து அடித்தவனின் காலை விட்டுக் கிளம்பி என் காலுக்கு வருவதற்குள் நான் கிறுகிப் பார்த்து அவர் எந்த நிறத்தைத் தூக்கியிருக்கிறார் என்று சொல்ல வேண்டும். மஞ்சள் என்றால் பந்தோடு திரும்பலாம், பின்னால் ஆள் இல்லை. சிவப்பு என்றால் வந்த வழியே ஒரே தொடுகையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். எனக்கு அது பழகியதும் பந்து வரும் நேரத்தில் சட்டையை மாற்றத் தொடங்கினார். அப்போதுதான் ஒரு தரம் பார்த்தால் போதாது என்பது விளங்கியது. பந்து கிளம்பும் முன் ஒரு தரம், உருண்டு வரும்போது இன்னொரு தரம். "கிறுகிப் பாருடா, பந்து எங்கயும் போகாது" என்பார். பந்தையே பார்த்துக்கொண்டு நிற்கிற பழக்கம் கழுத்திலிருந்து போக நாள் எடுத்தது.

பின்னாளில் நோர்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் இதையே ஆராய்ச்சியாகச் செய்திருப்பது தெரியவந்தது. இங்கிலாந்து பிரீமியர் லீக் மத்தியகள வீரர்களை நெருக்கமாகப் படம் பிடித்து, பந்து வருவதற்கு முன் யார் எத்தனை தரம் தலையைத் திருப்புகிறார்கள் என்று எண்ணியிருக்கிறார். அதிகம் திரும்பிப் பார்த்தவர்களின் முன்னோக்கிய பாஸ்கள்தான் அதிகம் போய்ச் சேர்ந்தனவாம். லம்பார்டும் ஜெரார்டும் அந்தப் பட்டியலில் மேலே இருந்தார்கள். சேருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் மட்டும் பதிலாக வந்தது.

2018இல் வடக்கு கிழக்கு பிரீமியர் லீக் நடந்தபோது நாங்கள் பாடசாலைப் பொடியனுகள். மட்டுநகர் சூப்பர் கிங்ஸ், அம்பாறை அவெஞ்சர்ஸ் என்று எங்கள் இரண்டு மாவட்டத்துக்கும் அணிகள் இருந்தன. ஜேர்சியில் ஊர்ப் பெயரைப் பார்த்ததே எங்களுக்குப் பெரிய விசயம். பிறகு அந்தப் பேச்சு மெல்ல மெல்லக் குறைந்தது. மூன்று வருடம் கழித்து, 2021இல், பத்துக் கழகங்களோடு சுப்பர் லீக் தொடங்கியது. நாட்டின் முதல் தொழில்முறைக் கால்பந்து லீக் என்றார்கள். நான் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டு வீட்டில் இருந்த காலம். கைபேசியில் பார்த்தபோது எனக்கு ஆட்டத்தைவிட ஒரு கணக்குத்தான் கண்ணில் பட்டது. அந்தப் பத்துக் கழகங்களில் மூன்று முப்படைகளுடையவை: டிபென்டர்ஸ் இராணுவம், சீ ஹோக்ஸ் கடற்படை, புளூ ஈகிள்ஸ் விமானப்படை.

இந்த நாட்டில் பந்து விளையாடி மாதம் தவறாமல் சம்பளம் எடுப்பதற்கு மிக உறுதியான வழி சீருடைதான். தங்குமிடம், சாப்பாடு, வைத்தியம், கடைசியில் ஓய்வூதியம். லீக் நடந்தாலும் நடக்காவிட்டாலும் சம்பளம் வரும். எனக்கும் அப்படி ஒரு கழகத்தின் தெரிவுக்குப் போகச் சொல்லி ஒருவர் வழி காட்டினார். வீட்டில் சொன்னேன். சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. "வேற கழகம் பாருங்க மகன்" என்றார். எங்கள் வீட்டுச் சுவரில் மாலை போட்டு மாட்டியிருக்கும் படத்தைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. அந்த அணிகளில் ஆடுபவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது, இரண்டு பேர் நல்ல நண்பர்கள். இருப்பது கொஞ்சம் பொறாமை. அதுவும் மாதக் கடைசியில்தான்.

சரி, வேறு கழகம் கிடைத்தது. அக்கரைப்பற்றிலிருந்து வரும் இரவு பஸ்ஸில் ஏறி, விடியக் கொழும்பில் இறங்கி, நேராக மைதானத்துக்குப் போய்த் தெரிவுப் பயிற்சி. கழகத்தின் பெயர் வேண்டாம், காரணம் கீழே வரும். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. போர்டிங்கில் எனக்கு அடுத்த கட்டிலில் மன்னார் அண்ணன் ஒருவர், பின்களத்தில் ஆடுபவர், பல கழகம் கண்டவர். கையெழுத்து வைப்பதற்கு முதல்நாள் இரவு அவரே ஒவ்வொரு பக்கமாக வாசித்து எனக்கு விளங்கப்படுத்தினார். உலகக் கால்பந்துச் சம்மேளனமான பீபாவின் விதிப்படி ஒரு வீரரின் ஒப்பந்தம் குறைந்தது அந்தப் பருவம் முடியும் வரை இருக்க வேண்டும், கூடினது ஐந்து வருடம். இரண்டு மாதச் சம்பளம் நிலுவையானால் வீரர் எழுத்தில் அறிவித்து 15 நாள் அவகாசம் கொடுக்கலாம். அதற்குள்ளும் தராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போகலாம்.

"நல்ல சட்டம் அண்ணே" என்றேன்.

"நல்லம்தான். பருவம் எப்ப முடியும் எண்டு மட்டும் யாரிட்டயாவது கேட்டுச் சொல்லு" என்றார்.

அவர் பகிடியாகச் சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

முதல் ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். இரண்டாம் பாதியில், ஒரு மணித்தியாலம் கடந்த பிறகு என்னை இறக்கினார்கள். ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். பயிற்றுவிப்பாளர் சொன்னது ஒரு வரி: "நடுவில் நில், ஓடித் திரியாதே." எதிரணி நடுவில் ஆபிரிக்க வீரர் ஒருவர், என்னைவிட ஒரு தலை உயரம். எங்கள் பின்கள வீரர் எனக்குப் பந்தைத் தள்ளினார். நான் கிறுகிப் பார்த்தேன், பின்னால் யாரும் இல்லை. பந்து வந்தது, இடுப்பைத் திறந்து திரும்ப நினைத்த அந்த இடத்தில் ஒரு கால் வந்து பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஊரில் மஞ்சள் சட்டை தெரிந்தால் இரண்டு மூன்று வினாடி கையில் இருக்கும். இங்கே மஞ்சள், பந்து காலில் படுவதற்குள் சிவப்பாகிவிடுகிறது. நல்லவேளை, மன்னார் அண்ணன் விழுந்து மறித்தார்.

அந்த அரை மணித்தியாலத்தில் நான் படித்தது பெரும்பாலும் காதால். எங்கள் கப்டன் சிங்களவர். பந்து என்னிடம் வரும்போது அவரிடமிருந்து இரண்டில் ஒன்று வரும்: "பிட்டிபஸ்ஸே!" என்றால் பின்னால் ஆள், "டைம்!" என்றால் திரும்பலாம். எனக்கு அப்போது தெரிந்த சிங்களத்தில் பாதி இந்த ஒரு சொல். கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் சேர்த்துத்தான் ஒரு வினாடி தேற்ற முடிந்தது. கடைசி நிமிடங்களில் எதிரணிக் கோல் காப்பாளர் அடித்த உயரப் பந்து நடுவில் இரண்டு தலையில் பட்டு எகிறியது. விழும் இடத்தில் நான் இருந்தேன். நெஞ்சில் வாங்கி, நிலத்தில் படும் முன் இடது ஓரத்துக்குத் தட்டிவிட்டேன். அவ்வளவுதான். கோலும் இல்லை, கைதட்டலும் இல்லை. ஆட்டம் முடிந்து உடுப்பு மாற்றும் அறையில் கப்டன் என் கழுத்தைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார். அது பாராட்டு என்று மன்னார் அண்ணன் உறுதிப்படுத்தினார்.

2022 சித்திரையில் எங்கள் லீக்கின் புளூ ஸ்டார் கழகம் ஆசியக் கூட்டமைப்புக் கிண்ணத் தகுதிகாணில் ஆடியதைப் போர்டிங்கில் எல்லாருமாக இருந்து பார்த்தோம். நேபாளத்தின் மச்சிந்திராவை வென்றார்கள். அடுத்து கொல்கத்தாவில் ஏ.டி.கே. மோகன் பகானிடம் 5–0. மற்றவர்கள் கோல்களைப் பார்த்தார்கள், நான் நடுவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் நாட்டில் நன்றாக ஆடுகிற அதே மத்தியகள வீரர்களுக்கு அங்கே பந்தைத் தொட்டு நிமிர நேரம் கிடைக்கவே இல்லை. கால் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்த வேகத்தில் ஆடிய ஆட்டங்கள் குறைவு, அவ்வளவுதான்.

அதன் பிறகு ஆட்டமே குறைந்துபோனது. பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடம் அது. பயிற்சிக்கு ஆட்கள் வந்து சேர முடியவில்லை, போட்டிகள் தள்ளிப்போயின. கழகம் முதல் மாதம் பாதிச் சம்பளம் தந்தது, அடுத்த மாதம் "பாப்பம்" என்றது, அதற்கடுத்த மாதம் தொலைபேசியை எடுக்கவில்லை. இரண்டு மாத விதி எனக்குத் தெரியும். கடிதம் எழுதினால் ஒப்பந்தத்திலிருந்து விடுபடலாம் என்பதும் தெரியும். விடுபட்டு எங்கே போவது? எல்லாக் கழகமும் அதே வரிசையில்தான் நின்றது. போர்டிங் அக்கா, வாடகையைப் பற்றி ஒரு சொல் பேசாமல் ஒரு மாதம் சோறு போட்டார். அவருக்கு நான் கடைசியாகக் காசு அனுப்பியது ஊரிலிருந்து.

2023 ஜனவரி 21ஆம் திகதி பீபா இலங்கைக் கால்பந்துச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. நிர்வாகத் தேர்தலில் வெளியார் தலையீடு என்ற வழக்கு. யார் பக்கம் நியாயம் என்பது பற்றி விளையாடுகிறவனிடம் கேட்டுப் பயனில்லை. தடை நீங்க ஓகஸ்ட் கடைசியாகிவிட்டது. அதற்கிடையில் பெங்களூரில் நடந்த தெற்காசியச் சம்பியன்சிப் எங்கள் நாடு இல்லாமலே முடிந்தது. 1995இல் கொழும்பில் அந்தக் கிண்ணத்தை வென்ற நாடு இது. 21, 22 வயதில் ஒரு வீரருக்கு ஒரு வருடம் என்பது சாதாரண வருடம் இல்லை. அதை யாரும் பிறகு திருப்பித் தர மாட்டார்கள்.

நான் அந்த மாதங்களில் ஊரில் இருந்தேன். காலையில் அப்பாவோடு கரைக்குப் போவேன், வெயில் ஏறும் முன் ஈரமணலில் ஓடுவேன், பின்னேரம் சின்னப் பொடியனுகளுக்குப் பயிற்சி. சும்மா ஓடினால் ஆட்ட உடம்பு நிற்காது. அணிக்குள் ஆடும்போது நின்று, வெடித்து ஓடி, திரும்பி, மறுபடி நிற்கிற வேலை வேறு. சில வாரம் அது இல்லாமல் இருந்துவிட்டு ஒரேயடியாக முழு வேகத்துக்குப் போனால் தொடையின் பின்தசைதான் முதலில் போகும். எங்கள் லீக்கில் நான் கண்ட காயங்களில் பல இப்படி வந்தவை: மூன்று மாதம் ஆட்டம் இல்லை, அடுத்து மூன்று நாளுக்கு ஒரு ஆட்டம். பீபாவின் 11+ என்ற இருபது நிமிட உடற்சூட்டுப் பயிற்சியைப் பொடியனுகளுக்குப் பழக்கினேன். பலகை மாதிரிப் படுத்து வயிற்றை இறுக்கச் சொன்னால் சிரிக்கிறார்கள். "பந்தத் தாங்க அண்ணே" என்பதுதான் அவர்கள் பாட்டு.

இரவில் மின்னொளிக் கிண்ணங்களும் வந்தன. வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் எந்தக் கழகத்துக்கும் ஒரு வெளி ஆள் தேவைப்படும், கொழும்பில் ஆடினவன் என்றால் கையில் காசு வைப்பார்கள். கல்முனை சந்தாங்கேணிப் பக்கத்து நண்பர்கள் இரண்டு பேரும் நானும் ஒரே மோட்டார் சைக்கிளில் போய் மூன்று வேறு அணிகளுக்கு ஆடியிருக்கிறோம். ஒரு இரவில் கிடைப்பது சில வேளை கழகம் இரண்டு வாரத்துக்குத் தருவதைவிடக் கூட. ஆனால் நடுவில் ஆட விட மாட்டார்கள். "காசு தாறம், கோல் அடிக்க வேணும்" என்று முன்னால் நிறுத்துவார்கள். அடித்தேன். எங்கள் மாமாக்களின் கணக்கில் என் மிகச் சிறந்த காலம் அதுதான். மறுகா கொழும்புக்குப் போய்ப் பயிற்சியில் நின்றபோது கழுத்துத் திரும்பவில்லை. பந்து வரும்போது பந்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். முன்களத்தில் நிற்பவனுக்கு அது பரவாயில்லை, எனக்குப் பிழைப்பே போய்விடும்.

நாட்டில் பருவ அட்டவணை போடுவது லேசில்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். நாடு சின்னது, மழை இரண்டு. கொழும்புப் பக்கம் வைகாசியில் தென்மேல் பருவமழை பிடித்தால் மைதானம் சேறாகும். அதே மாதங்களில் மட்டக்களப்பில் நிலம் வெடிக்கும் வெயில். எங்களுக்கு ஐப்பசிக்குப் பிறகு மழை, கார்த்திகை மார்கழியில் வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையில் பாதி மைதானம் வெள்ளத்துக்குள். இதை வைத்தே அட்டவணை போடலாம் என்பது என் எண்ணம். அங்கே மழை என்றால் ஆட்டத்தைக் கிழக்குக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அனுப்பலாம், இங்கே வெள்ளம் என்றால் அங்கே ஆடலாம். கிழக்கு மைதானங்களுக்கும் அப்போது வருடத்தில் சில மாதமாவது பெரிய ஆட்டம் பார்க்கக் கிடைக்கும். யாரிடம் சொன்னாலும் தலையாட்டுகிறார்கள்.

தடை நீங்கிய பிறகு தேசிய அணியின் முகமே மாறியது. வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த இலங்கை வம்சாவளி வீரர்கள் வந்தார்கள், ஜேர்மனியில் வளர்ந்த தமிழ்ப் பையன் உட்பட. 2024 செப்டெம்பரில் கம்போடியாவை அவர்களுடைய மண்ணில் பெனால்டியில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றுக்கு இலங்கை போனபோது எங்கள் போர்டிங்கில் கூரை அதிர்ந்தது. அதே இரவு படுக்கையில் மன்னார் அண்ணன் கேட்டார்: "அப்ப எங்கட இடம்?" எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. வேறு நாட்டில் வளர்ந்தவர் வந்து நம் இடத்தில் நிற்பது முதலில் உறுத்தும். ஆனால் அவர்கள் நடுவில் ஆடுவதைக் கூர்ந்து பார்த்தால் உறுத்தல் இடம் மாறும். எட்டு, ஒன்பது வயதிலிருந்து ஒவ்வொரு வாரக் கடைசியும் ஆட்டம். எந்த வாரம் தொடங்கும், எந்த வாரம் முடியும் என்பது வருடம் பிறக்கும் முன்பே அச்சில் இருக்கும். 22 வயதில் அவர்களில் ஒருவர் ஆடி முடித்த ஆட்டங்களை எங்கள் லீக்கில் 35 வயது வரை நின்றாலும் நான் ஆடித் தீர்க்க மாட்டேன். அவர்களுக்குக் கிடைக்கும் அந்தக் கூடுதல் அரை வினாடி அங்கிருந்து வருகிறது. இரத்தத்திலும் பாலிலும் ஒன்றும் இல்லை.

இப்போது வேறு கழகத்தில் இருக்கிறேன். சம்பளம் சின்னது, பெரும்பாலும் சரியான நேரத்துக்கு வருகிறது. முதல் பதினொருவரில் சில வேளை, வாங்கில் சில வேளை. ஒரு ஆட்டத்தில் நான் எத்தனை தரம் திரும்பிப் பார்த்தேன் என்பதைக் கரையிலிருந்து கைபேசியில் படம் எடுத்துச் சொல்ல, காயத்தில் இருக்கும் ஒரு தம்பியைப் பிடித்து வைத்திருக்கிறேன். அவனுக்குக் கூலி ஒரு கொத்து ரொட்டி. பயிற்றுவிப்பாளர் பட்டறையின் ஆரம்பச் சான்றிதழையும் எடுத்து வைத்துவிட்டேன். சிங்களம் இப்போது சண்டை பிடிக்கும் அளவுக்கு வரும்.

போன முறை ஊருக்கு வந்தபோது நான் பயிற்சி கொடுத்த பொடியன் ஒருவனின் தகப்பன் வீட்டுக்கு வந்தார். படுவான்கரையில் வயல் செய்கிறவர். மகனைக் கொழும்பில் ஒரு கழகம் கேட்டிருக்கிறதாம். தேத்தண்ணி குடித்து முடிக்கும் வரைக்கும் வேளாண்மை, உர விலை என்று பேசிக்கொண்டிருந்துவிட்டு மெல்லக் கேட்டார்: "தம்பி, இதுல வருமானம் ஒழுங்கா வருமா?"

வருகிற மாதமும் உண்டு, வராத மாதமும் உண்டு என்று உள்ளதைச் சொன்னேன். சீருடைக் கழகம் என்றால் ஒழுங்காக வரும் என்பதையும் சொன்னேன். அவர் அதற்கு ஒன்றும் பேசவில்லை.

"புள்ள எந்த இடத்துல ஆடுறான்?" என்று கேட்டேன். தெரியாத மாதிரி.

"நடுவுலதான். கோல் ஒண்டும் அடிக்கிறானில்ல" என்றார்.

"அப்ப அனுப்புங்க. ஒப்பந்தம் வந்தா கையெழுத்து வைக்க முதல் எனக்குப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க" என்று நம்பரை எழுதிக் கொடுத்தேன்.